காற்றுக்கு உரை எழுதுவோர்

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமையன்று, இந்நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளமோ வேலைநிறுத்தமோ அதற்குக் காரணமன்று. காற்றின் தரம் கெட்டுவிட்டது என்பதே கூறப்பட்ட காரணம். வங்காள விரிகுடாவில் 'மண்டூஸ்' புயல் உலவிய நாட்கள் அவை. இந்தியப் பெருநிலத்தின் மாசினைக் காற்று இத்தீவுக்குச் சுமந்து வந்தது என்று துறைசார்ந்தோர் விளக்கினர். வானம் மங்கிக் கிடந்தது. வளித் தரச் சுட்டெண் என்ற தொடரை அதுவரை கேட்டறியாத வீடுகளிலும் அத்தொடர் அன்று புகுந்தது.

மறுவாரம் வகுப்பில் இரு மாணவர் பேசியவை இன்றும் என் நினைவில் உள்ளன. ஒருவன் பத்திரிகைச் செய்தியைக் காட்டிக் கேட்டான்: "'ஆரோக்கியமற்றது' எண்டால் ஆருக்கு வருத்தம் சேர், காத்துக்கோ எங்களுக்கோ?" வகுப்புச் சிரித்தது. மற்றவன், ஒரு மேசன் தொழிலாளியின் மகன், சிரிக்காமல் சொன்னான்: "எங்கட அப்பா அண்டைக்கும் வேலைக்குப் போனவர் சேர். அவைக்கு லீவு விடேல்லை."

முதலாவது, சொல்லைப் பற்றிய வினா. இரண்டாவது, அச்சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்ற வினா. ஓர் இலக்கியப் படைப்பை ஆராயப் புகும் திறனாய்வாளனும் இவ்விரண்டிலிருந்தே தொடங்குகின்றான். காற்றின் நிலைமை பற்றி அரசும் அதன் நிறுவனங்களும் வெளியிடும் அறிக்கைகள் இலக்கியமல்ல என்பது உண்மையே. எனினும் அவையும் எழுதப்படும் பனுவல்களே. அவற்றையும் எழுதுவோர் உளர், திருத்துவோர் உளர், மறைப்போர் உளர். ஆகவே அவற்றைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது இலக்கிய மாணவர்க்கு அந்நியமான பணியென்று எவரும் கருத வேண்டியதில்லை.

தமிழ் கற்றோர் மூலத்தையும் உரையையும் வேறுபடுத்தி அறிவர். காற்றைப் பொறுத்தவரை கருவி தருவது மூலம். 2.5 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத விட்டமுடைய நுண்துகளே இன்று பெரிதும் அஞ்சப்படுவது. தலைமயிரின் தடிப்பில் அது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதனைத் தடுப்பதில்லை. சுவாசப்பையின் ஆழத்துக்குச் செல்வதோடு குருதியிலும் கலக்கின்றது. கருவி காற்றை உறிஞ்சி, ஒரு கனமீற்றரில் இத்துகள் எத்தனை மைக்கிரோகிராம் உள்ளது என்று கணிக்கின்றது. இது மூலம். இவ்வெண் பின்னர்ச் சராசரியாக்கப்படுகின்றது, சுட்டெண்ணாக மாற்றப்படுகின்றது, சுட்டெண்ணுக்கு ஒரு நிறமும் ஒரு சொல்லும் சூட்டப்படுகின்றன. பொதுமக்களின் கையை எட்டுவது அச்சொல்லே. மூலத்தைக் காணாத வாசகனுக்கு உரையே மூலமாகிவிடுகின்றது. அவ்வுரையை எழுதுவோர் யார், அவர்கள் எவ்வாறு எழுதுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலிற் சொல்லை எடுத்துக்கொள்வோம். இந்தியா 2014ஆம் ஆண்டில், ஓர் எண், ஒரு நிறம், ஒரு விவரணம் என்ற முழக்கத்துடன் தனது தேசிய வளித் தரச் சுட்டெண்ணை அறிமுகஞ் செய்தது. ஐக்கிய அமெரிக்காவின் சுட்டெண் அதற்கு முந்தியது. 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீற்றரில் 80 மைக்கிரோகிராம் நுண்துகள் உள்ள காற்றை இவ்விரு அளவுகோல்களிலும் இட்டுப் பார்ப்போம். இரண்டிலும் வரும் சுட்டெண் 165க்கும் 170க்கும் இடைப்பட்டதே. எண்ணில் வேற்றுமை இல்லையென்றே கூறலாம். ஆனால் அமெரிக்க உரை அக்காற்றைச் சுகத்துக்கு ஒவ்வாதது என்கின்றது. சுகதேகிகளும் பாதிக்கப்படக்கூடும் என்று எச்சரிக்கின்றது. இந்திய உரையோ அதனை மிதமான மாசு என்கின்றது. சுவாச நோயாளரும் இருதய நோயாளரும் சிரமப்படக்கூடும் என்பதோடு அமைகின்றது. ஒரே காற்று, ஏறக்குறைய ஒரே எண், இரண்டு சொற்கள். டில்லியில் தெருவோரம் கடை விரிப்பவனின் சுவாசப்பை வேறு பொருளால் ஆனதா? இல்லை. எவ்வளவு மாசினைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஒரு சமுதாயத்தைக் கேட்கலாம் என்ற அரசியற் கணிப்பு 'மிதம்' என்ற அச்சொல்லினுள்ளே அடங்கியுள்ளது.

அமெரிக்க உரைதான் நிலையானதோ எனின், அதுவும் அன்று. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாடு தன் அளவுகோலைத் திருத்தியது. அதுவரை 12 மைக்கிரோகிராம் வரை 'நல்லது' எனப்பட்ட காற்று, அதன்பின் 9 வரை மட்டுமே 'நல்லது' ஆயிற்று. 10 மைக்கிரோகிராம் கொண்ட காற்று முதல் நாள் நல்லதாயிருந்து மறுநாள் மத்திம நிலைக்கு இறங்கியது. காற்றில் மாற்றமில்லை. அறிவு வளர, உரை மாறியது. இத்திருத்தம் வரவேற்கத்தக்கதே. ஆனால் இச்சொற்கள் இயற்கை விதித்தவையல்ல, மனிதர் விதித்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மனிதர் விதித்ததை மனிதர் கேள்விக்கு உட்படுத்தலாம்.

நம் நாட்டின் நியமத்தையும் நோக்குவோம். 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் நுண்துகளுக்கு விதிக்கப்பட்ட 24 மணி நேர எல்லை 50 மைக்கிரோகிராம். அக்காலத்தில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டிய எல்லை 25. 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதனை 15 ஆகக் குறைத்தது. 'நியமத்துக்கு உட்பட்டது' என்ற தொடரைக் காணும் வாசகன், எந்த நியமம் என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

சராசரியும் உரையின் ஓர் உபாயமே. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு சந்தியில் காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் காற்றில் 150 மைக்கிரோகிராம் நுண்துகள் இருக்கின்றது, எஞ்சிய 20 மணி நேரமும் 25 மட்டுமே. நாட்சராசரி 46ஐ எட்டாது. அது 50க்கு உட்பட்டது. நியமம் மீறப்படவில்லை என்று அறிக்கை கூறும். அந்த நான்கு மணி நேரத்தில் வீதியில் நிற்பவர் யாவர்? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவர், வேலைக்குச் சென்று திரும்பும் தொழிலாளர், போக்குவரத்துப் பொலிஸார், முச்சக்கர வண்டி ஓட்டுநர், நடைபாதை வியாபாரிகள். நள்ளிரவின் தூய காற்று கணக்கில் அவர்களுக்கு வரவு வைக்கப்படுகின்றது. அதனைச் சுவாசிக்க அவர்கள் அங்கே இருப்பதில்லை.

சராசரியை எங்கே எடுப்பது என்பதும் வினாவே. பெய்ஜிங் மாநகரம் 1998ஆம் ஆண்டு முதல் 'நீலவான நாட்களை' எண்ணத் தொடங்கியது. அவ்வாண்டு 100 நாட்கள். ஒலிம்பிக் விளையாட்டு நடந்த 2008இல் 274 நாட்கள். இவ்வளர்ச்சியை ஸ்ரீவன் அன்ட்ரூஸ் என்ற ஆய்வாளர் 2008இல் பரிசோதித்தார். இடையில் நியமம் தளர்த்தப்பட்டிருந்தது. 2006இல் வாகன நெரிசல் மிக்க இடங்களின் அளவை நிலையங்கள் கணக்கிலிருந்து நீங்கி, மாசு குறைந்த இடங்களின் நிலையங்கள் சேர்ந்திருந்தன. நீலவானத்தின் எல்லையான 100க்குச் சற்றே கீழ்ப்பட்ட எண்கள் இயல்புக்கு மாறாகக் குவிந்திருந்தன. நுண்துகள் அன்றைய சீனச் சுட்டெண்ணில் இடம்பெறவுமில்லை. மாணவனைத் தேர்ச்சியடையச் செய்ய இருவழிகள் உண்டு: அவனுக்குக் கற்பிக்கலாம், அல்லது சித்தியெல்லையைக் குறைத்து, கடினமான வினாத்தாளை நீக்கிவிடலாம். இரண்டாவது வழி எங்கும் எளிது. சோஷலிசத்தின் பெயரைத் தாங்கிய ஓர் அரசினைப் பற்றி இவ்வாறு எழுதுவது நம்மிற் சிலர்க்குக் கசக்கலாம். ஆனால் உழைக்கும் மக்களின் சுவாசப்பை, கொடியின் நிறம் பார்த்துத் துகளை ஏற்பதில்லை.

அளவை நிலையம் எங்கே நிற்கின்றது என்ற வினா வர்க்கம் பற்றிய வினாவும் ஆகும். இதனை நம் முன்னோடிகளே நமக்குக் கற்பித்தனர். 1845இல் வெளிவந்த தமது நூலிலே, மன்செஸ்ரர் நகரின் கிழக்கிலும் வடகிழக்கிலும் முதலாளிமார் குடியேறாமையின் காரணத்தை எங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். ஆண்டில் பத்துப் பதினொரு மாதங்கள் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று தொழிற்சாலைப் புகையனைத்தையும் அப்பக்கமே தள்ளியது. அப்புகை தொழிலாளர்க்கென விடப்பட்டது. எங்கெல்ஸிடம் நுண்துகள் அளக்கும் கருவி இல்லை. காற்றின் திசையையும் குடியிருப்பின் வரைபடத்தையும் பொருத்திப் பார்க்கும் கண் இருந்தது. சுற்றாடல் பற்றிய பேச்சு வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு என்று நம்மவர் சிலர் இன்றும் ஒதுக்குகின்றனர். அவர்கள் இந்நூலை மறுபடியும் புரட்டிப் பார்ப்பது நன்று.

இதுவரை எண்ணுக்கு உரை எழுதப்படும் விதத்தைக் கண்டோம். உரை எழுதப்பட்ட பின் அதனைத் திருத்துவோரும் உளர். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர் பாடபேதங்களைத் தொகுத்துத் தந்தது போல, ஓர் அரசின் காற்று அறிக்கைக்குப் பாடபேதம் காட்டப்பட்ட அரிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11இல் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தன. கொங்கிறீற்று, கண்ணாடி, கல்நார், ஈயம் ஆகியவற்றின் தூசு நகரின் தென்பகுதியை மூடியது. 17ஆம் திகதி வோல் ஸ்ரீற் பங்குச் சந்தை மீண்டும் திறந்தது. 18ஆம் திகதி, அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவி கிறிஸ்ரீன் ரொட் விற்மன், அங்குள்ள காற்றைப் பயமின்றிச் சுவாசிக்கலாம் என்ற பொருள்பட அறிவித்தார்.

அதே நிறுவனத்தின் தலைமைப் பரிசோதகர் 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, அன்று அவ்வாறு கூறுவதற்குப் போதிய அளவைகள் கையில் இருக்கவில்லை என்று முடிவு செய்தது. அது மட்டுமன்று. அறிக்கைகளின் முதல் வரைவையும் வெளியான வடிவத்தையும் அருகருகே வைத்துக் காட்டியது. வெள்ளை மாளிகையின் சுற்றாடற் சபை, எச்சரிக்கைகளை நீக்கவும் ஆறுதல் மொழிகளைச் சேர்க்கவும் செய்திருந்தது. சிறிதளவு கல்நாரும் இந்நிலைமையில் அபாயமானதே என்று வரைவு கூறிய இடத்தில், குறுகிய காலத் தொடர்பினாற் பெருந்தீங்கு நேர வாய்ப்பில்லை என்ற வாசகம் வந்து அமர்ந்தது. பங்குச் சந்தையைத் திறக்கும் விருப்பமும் இத்திருத்தங்களின் பின்னணியில் இருந்ததை அந்த அறிக்கை மறைக்கவில்லை. பின்னர், இடிபாடுகளிற் பணியாற்றியோரும் அயலில் வாழ்ந்தோரும் நோயுற்றபோது, அவர்களுக்கெனத் தனிச் சட்டமே 2011 ஜனவரியில் கையொப்பமாயிற்று. விற்மன் 2016இல் தமது தவறுக்கு வருத்தம் தெரிவித்தார். ஒரு வாக்கியத்தின் பாடபேதம் மனிதரின் ஆயுளைத் தொடும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

நம் நாட்டு அறிக்கைகளின் வரைவுகளை எவரும் நமக்குக் காட்டியதில்லை. ஆகவே வெளியான வாக்கியங்களின் இலக்கணத்தையே நாம் ஆராய வேண்டியுள்ளது. 'வளி மாசடைந்துள்ளது' என்பது நம் செய்திகளில் வழக்கமாக வரும் வாக்கியம். தன்வினை, பிறவினை வேறுபாட்டை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். 'மாசடைந்தது' தன்வினை. இங்கே எழுவாய் வளி. மாசுபடுத்தியவர் வாக்கியத்தில் இல்லை. மழை பெய்தது, இருள் சூழ்ந்தது என்பன போல இதுவும் ஓர் இயற்கை நிகழ்ச்சியாகிவிடுகின்றது. பிறவினையில் எழுதினால் எழுவாயைத் தேடவேண்டி வரும். பழைய இயந்திரங்களைத் தகுந்த பரிசோதனையின்றி ஓடவிட்டவர் யார்? பிளாஸ்ரிக் கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரித்தவர் யார்? நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் சாம்பலும் நிலக்கரித் தூளும் காற்றோடு வருவதாக அயற் கிராமத்தவர் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தார்களே, அவர்களுக்கு விடை கூற வேண்டியவர் யார்? எழுவாயை இழந்த வாக்கியம் பொறுப்பையும் இழக்கின்றது.

2022 டிசெம்பரில் எழுவாய் ஒன்று கிடைத்தது. அது அயல்நாட்டுக் காற்று. கடல் கடந்து மாசு வருவது விஞ்ஞான உண்மை, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் புயல் ஓய்ந்து காற்றுத் திசை மாறிய பின்னும் நம் சந்திகளிற் புகை நின்றது. அயலான் மீது சுமத்தக்கூடிய நாளில் மட்டும் எழுவாய் தோன்றுவதும், நம்மவர் பொறுப்பேற்க வேண்டிய நாட்களில் அது மறைவதும் தற்செயலான இலக்கணப் பிழையாகாது.

சொல்லாட்சியையும் கவனிப்போம். நம் செய்திகளில் வருபவை பெரும்பாலும் அமெரிக்கப் படிநிலைச் சொற்களின் தமிழாக்கங்கள். 'உணர்திறன் கொண்ட குழுக்களுக்கு ஆரோக்கியமற்றது' என்று ஒரு தொடர் வருகின்றது. கைக்குழந்தையை ஏந்திய தாய், அக்குழுவில் தானும் தன் பிள்ளையும் அடக்கம் என்பதை இத்தொடரிலிருந்து எவ்வாறு அறிவாள்? குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், தொய்வு நோயுள்ளோர் என்று சொன்னால் ஊரே விளங்கிக்கொள்ளும். 'ஆரோக்கியமற்ற காற்று' என்பது என் மாணவன் கேட்டது போலக் காற்றையே நோயாளியாக்குகின்றது. 'நோய் தரும் காற்று' என்பதில் என்ன குறை? விளங்காத தமிழ் விஞ்ஞானத் தமிழாகாது. அச்சமூட்டாதிருக்க வேண்டும் என்பது சிலர் வாதம். மக்கள் அஞ்சிக் கலைவார்கள் என்ற அச்சம், பெரும்பாலும் மக்கள் அறிந்து கேட்பார்கள் என்ற அச்சத்தின் மறுபெயரே.

இனி, மேசன் தொழிலாளியின் மகனுக்கு வருவோம். ஒவ்வோர் அறிக்கையும் ஓர் அறிவுரையோடு முடிகின்றது: வெளியே செல்வதைத் தவிருங்கள், கதவு யன்னல்களை மூடுங்கள், முகக்கவசம் அணியுங்கள். இவ்வறிவுரையின் முன்னிலை யார்? மாதச் சம்பளம் பெறுபவர். மூடத்தக்க யன்னலுள்ள அறையில் வேலை செய்பவர். ஒருநாள் வெளியே போகாவிடினும் அன்று மாலை அடுப்பெரியும் வீட்டினர். நாட்கூலிக்குக் கல் அடுக்குபவரும், வீதியில் தார் ஊற்றுபவரும், சைக்கிளில் மீன் விற்பவரும் அந்த 'நீங்கள்' என்ற சொல்லில் இல்லை. அன்று பாடசாலைகளை மூடியது சரியான செயலே. ஆனால் மாணவனின் சுவாசப்பைக்கு ஒவ்வாத காற்று அவன் தந்தையின் சுவாசப்பைக்கு எவ்வாறு ஒவ்வியது? கூலியோடு கூடிய ஓய்வைப் பற்றி ஒரு வரியும் இல்லாத அறிவுரை, உழைப்பவனை நோக்கி, உன் நோய்க்கு நீயே பொறுப்பு என்று சொல்வதில் முடிகின்றது.

யன்னலை மூடிய வீட்டினுள்ளும் புகை உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை விறகு கொண்டே சமைத்தன. 2022இன் நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமையால் நகரத்தாரும் விறகடுப்புக்குத் திரும்பினர். வீட்டுப் புகையினால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் அகால மரணமடைவதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. ஆனால் சுட்டெண் தெருவோடு நின்றுவிடுகின்றது. அடுப்படியில் நிற்கும் பெண்ணின் காற்றுக்கு நிறமுமில்லை, சொல்லுமில்லை. அவளை நோக்கி வீட்டினுள் இருங்கள் என்று கூறும் அறிக்கை அவளை எங்கே அனுப்புகின்றது?

மூலத்தை வைத்திருப்பவர் யார் என்பது இறுதி வினா. பல நாடுகளில் அமெரிக்கத் தூதரகங்கள் தம் கட்டடங்களில் நுண்துகள் அளக்கும் கருவிகளை நிறுவி, அளவைகளை மணிக்கு மணி வெளியிட்டு வந்தன. 2008இல் பெய்ஜிங்கில் வைக்கப்பட்ட கருவி புகழ்பெற்றது. சீன அரசு அதனைக் கண்டித்தது. எனினும் மக்களின் கேள்வி வளர, 2012இன் தொடக்கத்தில் பெய்ஜிங் நகரமும் தன் நுண்துகள் அளவைகளை வெளியிடலாயிற்று. கொழும்புத் தூதரகத்திலும் இத்தகைய கருவி இருந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நிதியின்மையைக் காட்டி, உலகெங்குமுள்ள தன் தூதரகங்களின் அளவைகளை வெளியிடுவதை அமெரிக்க அரசு நிறுத்தியது. அந்த எண்கள் பயனுள்ளவையாக இருந்தன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தின் சுவாசம் பற்றிய செய்தி வேறொரு வல்லரசின் வரவுசெலவுத் திட்டத்தில் தொங்குவது எத்தகைய சுதந்திரம்? கொடுத்த கை விரும்பியபோது மூடிக்கொண்டது. நம் நாட்டு நிறுவனங்களின் அளவைகள் பெருகுவதும், அவை நம் மக்களுக்கு நேரே கிடைப்பதும் இதனால் இன்றியமையாதனவாகின்றன.

அரசும் அளக்காது, அந்நியனும் அளக்கான் எனின் மக்கள் என் செய்வது? இதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு விடை உண்டு. தமிழ்நாட்டின் கடலூரிலே, 'சிப்காட்' இரசாயனத் தொழிற்பேட்டையை அடுத்த கிராமத்தவர் நெடுங்காலம் துர்நாற்றத்தோடு வாழ்ந்தனர். 2004ஆம் ஆண்டில் அவர்களிற் சிலர் பயிற்சி பெற்று, காற்றைக் கண்காணிக்கும் குழுவாயினர். ஒரு பிளாஸ்ரிக் வாளி, அதனுள் ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சிறு பொறி: இவையே அவர்களது கருவி. கலிபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அயலில் 1990களில் உருவான உபாயம் அது. எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வாலையின் பக்கமிருந்து, என்ன நாற்றம் வந்தது என்று அவர்கள் குறித்தனர். நாற்றம் மிகுந்தபோது காற்றைப் பையிற் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர். இருபதுக்கு மேற்பட்ட இரசாயனங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் புற்றுநோய் விளைப்பனவும் இருந்தன. நாற்றம் வருகின்றது என்ற முறையீட்டைப் பிரமை என்று இனி எவரும் தள்ளிவிட முடியவில்லை.

இக்குறிப்பேடுகளை நான் ஓர் இலக்கிய மாணவனாகவும் மதிக்கின்றேன். 1960களில் நம் நாட்டில் நடந்த மரபுப் போராட்டத்தை இவ்விதழின் வாசகர் அறிவர். உழைக்கும் மக்களின் பேச்சை எழுத்தில் ஏற்றிய படைப்பாளிகளை நோக்கி, அது 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் இகழ்ந்தனர். அழுகிய முட்டை போல நாறுகின்றது என்று ஒரு கிராமத்துப் பெண் கூறுவதையும் அதிகாரிகள் நெடுங்காலம் அவ்வாறே இகழ்ந்தனர். ஆனால் ஐதரசன் சல்பைட்டு என்று இரசாயன நூல் கூறும் வாயுவின் மணம் அதுவே. அவளுடைய உவமை ஒரு தரவு. மக்களின் மொழி அறிவுக்குப் பகையன்று. அறிவு தன் ஆய்வைத் தொடங்க வேண்டிய இடம் அது. வாளியும் ஆய்வுகூடமும் அவளது சொல்லுக்குச் சான்று தேடின. அவளது சொல் அவற்றுக்குத் திசை காட்டியது. காற்றுக்கு எழுதப்பட்ட உரைகளுள் இதுவே சிறந்த உரை என்பேன். ஏனெனில் அக்காற்றைச் சுவாசித்தவர்களே இதனை எழுதினர்.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. அளவைகள் மணிக்கு மணி, சராசரியாக்கப்படாத வடிவிலும், மூன்று மொழிகளிலும் வெளிவரல் வேண்டும். நிலையம் எவ்விடத்தில் உள்ளது, எவ்விடத்தில் இல்லை என்பது அறிவிக்கப்படல் வேண்டும். எந்த நியமத்தின்படி 'நல்லது' என்று கூறப்படுகின்றது என்பது அதே வாக்கியத்தில் இடம்பெறல் வேண்டும். மாசுபடுத்தியவர் எழுவாயாக வரல் வேண்டும். வெளியே வராதீர் என்று கூறும் நாளில், வெளியே வந்தாலன்றி உண்ண இயலாதோர்க்கு என்ன ஏற்பாடு என்பதும் கூறப்படல் வேண்டும்.

இவை கிடைக்கும்வரை ஆசிரியரும் மாணவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகின்றது. அன்றைய எண் கிடைத்தால் மாணவர் அதனை எழுதுகின்றனர். கிடைக்காத நாளில், கிடைக்கவில்லை என்று எழுதுகின்றனர். அதன் கீழே, காலையில் வந்த வழியில் தாம் கண்டதையும் முகர்ந்ததையும் தம் சொந்தத் தமிழில் ஒரு வாக்கியமாக அமைக்கின்றனர். வாக்கியத்துக்கு எழுவாய் உண்டா என்று பார்ப்பது மட்டுமே என் வேலை. சென்ற மாதம் ஒரு மாணவி எழுதினாள்: சந்தைக்குப் பின்னால் இன்றும் குப்பை எரித்தார்கள். யார் என்று கேட்டேன். விசாரித்து நாளை எழுதுவதாகச் சொன்னாள். இத்தகைய பலகை ஒவ்வொரு பாடசாலையிலும் தொங்குமாயின், காற்றைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகள் இன்றுள்ளது போல் நெடுங்காலம் இருக்க முடியாது.